நல்லெண்ணெய் விளக்குக்கு வந்த எலி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ் கடைசிப் பக்கத்துல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சுன்னு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டோம். சாலமன் தீவுகள்ல வங்குனுன்னு ஒரு தீவு, அங்க மரத்து மேல வாழுற ராட்சச எலி ஒண்ணு இருக்கு, பேரு வீக்கா, 2017ல கண்டுபிடிச்சாங்க, தேங்காயையே ஓட்டை போட்டுடும்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, 2023ல தான் முதல் தடவையா உயிரோட போட்டோ எடுத்தாங்க, அதுக்கு எள் எண்ணெய் விளக்கு வச்சாங்க. இவ்வளவுதான் செய்தி, எட்டு வரி. அட்டைப்படக் கட்டுரைக்கு நாலு லெட்டர் வந்துச்சு, இந்த எலிக்கு ஒரு கட்டு வந்திருக்கு. அதனால இந்தத் தடவை ராசிபலன் கேட்டவங்க, சினிமா கேட்டவங்க எல்லாரும் மன்னிச்சுக்கோங்க, முழுப் பக்கமும் எலிக்குத்தான்.

வங்குனு எங்க இருக்கு? அந்த எலி நெஜமாவே பூனை சைஸா? எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஆள் வாலைப் பிடிச்சுத் தூக்குற போட்டோ வந்துச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு.
_ஒரு வாசகர், திண்டுக்கல்_

மேப்ல ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடிங்க, அதுக்கு மேல பப்புவா நியூ கினி, அங்கேர்ந்து கிழக்கால கையை நகர்த்தினா கடல்ல சோறு சிந்தின மாதிரி தீவுக்கூட்டம், அதுதான் சாலமன் தீவுகள். தலைநகரம் ஹோனியாரா, அது இருக்குறது குவாடல்கனால் தீவுல, ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானும் அமெரிக்காவும் மாசக்கணக்குல அடிச்சுக்கிட்டாங்களே அதே குவாடல்கனால்தான். வங்குனு அங்கேர்ந்து வடமேற்கால, மேற்கு மாகாணத்துல, மரோவோன்னு ஒரு பெரிய உப்பங்கழி ஓரமா இருக்குற எரிமலைத் தீவு. சுமார் 500 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சியை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.

எலி சைஸுக்கு வருவோம். அளந்து பாத்த முதல் வீக்கா மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் 46 சென்டிமீட்டர். ஸ்கூல் ஸ்கேல் ஒண்ணு முழுசா, அதோட இன்னொண்ணு பாதி, அப்படி நினைச்சுக்கோங்க. எடை அரைக் கிலோவிலேர்ந்து ஒரு கிலோ வரைக்கும் இருக்கும்னு கணக்கு. நம்ம வீட்டு எலி ஒண்ணு இருநூறு கிராம் இருந்தாலே பெருசு, அதனால இது நெஜமாவே பெருசுதான், ஆனா ஆட்டுக்குட்டி எல்லாம் இல்ல. பெருச்சாளி பாத்திருப்பீங்கல்ல, அந்தக் கணக்கு, ஆனா பெருச்சாளி சாக்கடையோரம் குழி பறிக்கிற ஜாதி, வீக்கா மரத்து மேல ஏறுற ஜாதி. செம்பழுப்பு முடி, உடம்புக்கு சின்னக் காது, கிளையைப் பிடிக்க அகலமான பாதம், முடியே இல்லாத நீள வால். உங்க குரூப்புக்கு வந்த போட்டோ கேமரா பக்கத்துல எலியை நீட்டிப் பிடிச்சு ஆள் ரெண்டடி பின்னால நிக்கிற டெக்னிக்கா இருக்கும், மீன் பிடிக்கிறவங்க மீனைக் காட்டுவாங்களே அந்த மாதிரி. அது வீக்காவாவும் இருக்க வாய்ப்பு இல்ல. ஆராய்ச்சிக்காரங்களே காட்டுல கேமராவைக் கட்டிட்டு வந்துதான் படம் எடுத்திருக்காங்க, வாலைப் பிடிச்சுத் தூக்குற அளவுக்கு அது யார் கையிலயும் சிக்குறது இல்ல.

2017ல கண்டுபிடிச்சதா போட்டிருந்தீங்க. இவ்வளவு பெரிய எலி அது வரைக்கும் எங்க ஒளிஞ்சிருந்துச்சு?
_கல்லூரி மாணவி, நாகர்கோவில்_

எங்கயும் ஒளியலம்மா, அங்கயேதான் இருந்துச்சு. 'கண்டுபிடிச்சாங்க'ன்னு போட்டது எங்க தப்பு, நான்தான் அவசரத்துல அப்படியே விட்டுட்டேன். வங்குனுல இருக்குற ஜனங்களுக்கு அந்த எலி காலங்காலமாத் தெரியும், அதுக்கு அவங்க மரோவோ மொழியில பேரும் உண்டு, அந்தப் பேருதான் வீக்கா. தெரியாம இருந்தது வெளியாளுங்களுக்கு.

கதை இப்படிப் போகுது. டைரோன் லாவெரின்னு ஆஸ்திரேலியாக்காரர், பாலூட்டிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றவர், 2010 வாக்குல அங்க போனப்ப ஊர்க்காரங்க சொல்றாங்க, எங்க காட்டுல மரத்து மேல ஒரு பெரிய எலி இருக்கு, கெட்டியான கொட்டையை எல்லாம் கடிச்சுத் திங்கும்னு. இவர் தேட ஆரம்பிச்சார். மரம் ஏறிப் பாத்தார், பொறி வச்சார், கேமரா வச்சார், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தார், வருஷம்தான் போச்சு. ஒரு கட்டத்துல அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு, கப்பல்ல வந்த சாதாரண கருப்பு எலியைத்தான் இவங்க வீக்கான்னு சொல்றாங்களோன்னு. இதை அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார், அது எனக்குப் பிடிச்சுது, நம்ம ஆளுங்க நிறைய பேர் இதைச் சொல்ல மாட்டாங்க.

2015 நவம்பர்ல தான் திருப்பம். தீவோட தென்பக்கம் ஜைரான்னு ஒரு ஊர். அது பக்கத்துல வியாபாரத்துக்கு மரம் வெட்டுறவங்க ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்க்குறாங்க, விழுந்த மரத்துலேர்ந்து ஒரு வீக்கா வெளிய வருது. அடிபட்டிருக்கு, பிழைக்கல. அந்த உடம்பு ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மியூசியத்துக்குப் போய்ச் சேருது. ரெண்டு வருஷம் கழிச்சு 2017 செப்டம்பர்ல, பாலூட்டிகளுக்குன்னே இருக்குற ஒரு ஆராய்ச்சி இதழ்ல, இது உலகத்துக்குப் புது இனம்னு கட்டுரை வருது. சாலமன் தீவுகள்ல புதுசா ஒரு எலி இனம் பதிவாகி அப்ப 80 வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

அந்தக் கட்டுரையை எழுதினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் லாவெரி. இன்னொருத்தர் ஹிக்குனா ஜட்ஜ், ஜைரா ஊர்க்காரர், அந்த ஊர் தன் காட்டைப் பாதுகாக்க ஏற்படுத்தின அமைப்புல வேலை பாக்குறவர். வழி காட்டினவர்னு கடைசியில நன்றி சொல்லி முடிக்காம பேரை மேல போட்டிருக்காங்க பாருங்க. எலிக்கும் எவனோ ஒரு துரை பேரையோ பணம் குடுத்த கம்பெனி பேரையோ வைக்கல, ஊர்க்காரங்க கூப்பிடுற பேரையே வச்சாங்க. யூரோமிஸ் வீக்கா, அதுதான் அதோட அறிவியல் பேரு. மிஸ்னா கிரேக்கத்துல எலி, நம்ம ஊர்ல புழங்குற மூஷிகமும் அதுவும் ஒரே வேர்ல வந்த பங்காளிங்க. யூரோன்னா வால். வால் எலி. எல்லா எலிக்கும் வால் இருக்கேன்னு கேக்காதீங்க, அடுத்த பதில்ல வருது.

ஒரு செத்த எலியை வச்சு இது புது இனம்னு எப்படி முடிவு கட்டுறாங்க? கொஞ்சம் கொழுத்த எலியா இருக்கக் கூடாதா?
_பள்ளி ஆசிரியர், ஆரணி_

நியாயமான கேள்வி சார். கொழுப்பு வச்செல்லாம் பாக்க மாட்டாங்க. முதல்ல மண்டை ஓடும் பல்லும். எலி ஜாதிக்கு முன்பல் சாகுற வரைக்கும் வளர்ந்துகிட்டே இருக்கும், ஆனா கடைவாய்ப் பல்லோட மேடு பள்ளம் இனத்துக்கு இனம் மாறும், கைரேகை மாதிரின்னு வச்சுக்கோங்களேன். அடுத்தது வால். நம்ம வீட்டு எலி வாலை லென்ஸ் வச்சுப் பாத்தா (யாரு பாக்கப் போறா) செதில் எல்லாம் வளையம் வளையமா ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேஞ்ச மாதிரி ஏறியிருக்கும். யூரோமிஸ் குடும்பத்துல அப்படி இல்ல, செதில்கள் மேல ஏறாம பக்கத்துல பக்கத்துல தரையில மொசைக் பதிச்ச மாதிரி இருக்கும், மொசைக் வால் எலின்னே அந்தக் கூட்டத்துக்கு ஒரு பேரு உண்டு. வாலை வச்சுப் பேர் வச்சதுக்கு அர்த்தம் புரியுதா இப்ப. கடைசியா டிஎன்ஏ, அதுல தெரிஞ்சவங்களோட ஒப்பிட்டு இது தனி ஆள்னு உறுதி பண்ணினாங்க.

ஒப்பிடுறதுக்கு இன்னொரு எலி வேணுமே, அது எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது தனிக் கதை. 1880கள்ல சார்லஸ் மோரிஸ் உட்ஃபோர்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் குவாடல்கனால் பக்கம் சுத்தி பூச்சி, பறவை, எலின்னு கிடைச்சதை எல்லாம் பிடிச்சு லண்டனுக்கு அனுப்பினார். பின்னாடி அந்தத் தீவுகளுக்கே பிரிட்டிஷ் அதிகாரியா போனவர். லண்டன் மியூசியத்துல ஓல்ட்ஃபீல்ட் தாமஸ்னு ஒருத்தர் உக்காந்து அந்த எலிங்களுக்கு லத்தீன்ல பேர் வச்சார், ஒண்ணுக்கு ராஜா, ஒண்ணுக்கு சக்கரவர்த்தி, இன்னொண்ணுக்குக் குட்டிப் பன்னி. பன்னின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, பெருச்சாளியை இங்கிலீஷ்ல பேண்டிகூட்னு சொல்றாங்கல்ல, அது தெலுங்கு 'பந்தி கொக்கு', பன்னி எலி. எலியைப் பாத்தா பன்னி ஞாபகம் வர்றது உலகம் பூரா இருக்கும் போல. சக்கரவர்த்தியும் குட்டிப் பன்னியும் அந்த உட்ஃபோர்டு காலத்துக்கு அப்புறம் விஞ்ஞானிங்க கண்ணுல படவே இல்ல, 130 வருஷத்துக்கும் மேல ஆச்சு. மியூசியம் டிராயர்ல மட்டும் இருக்காங்க.

வருஷக்கணக்கா பொறி வச்சும் மாட்டலையாம். ஒரே ஒரு மசால் வடை வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே சார்?
_ஒரு வாசகர், திருப்பூர்_

சூடா போட்ட வடையா, ஆறின வடையா? சிரிக்காதீங்க, கேள்வி சரியான கேள்வி. பொறியில மாட்டுறது தரையில திரியுற எலி. வீட்டுல பொறியை வைக்கிறவங்க சுவரோரமா வைக்கிறீங்கல்ல, ஏன்னா எலி சுவரை ஒட்டியே ஓடும். முப்பது அடி, நாப்பது அடி மேல கிளைக்குக் கிளை போற எலிக்குப் பொறியை எங்க வைக்கிறது? ஒரு மரமா ரெண்டு மரமா. அதுக்கு மேல எண்ணிக்கை வேற ரொம்பக் கம்மி, அதனால ஏழெட்டு வருஷம் வடை வச்சாலும் வடையை எறும்புதான் தின்னிருக்கும்.

அதான் கேமரா. காட்டுல மரத்துல கட்டி வைக்கிற சின்னப் பெட்டி, முன்னால ஒரு சென்சார் இருக்கும், சூடான உடம்பு ஏதாவது குறுக்க போச்சுன்னா உடனே க்ளிக். கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுக்குறதால எலிக்கு ஃபிளாஷ் அடிச்சதே தெரியாது, படம் மட்டும் கருப்பு வெள்ளையில வரும். கேமரா முன்னால அதை எப்படி வரவைக்கிறது? அங்கதான் எள் எண்ணெய் விளக்கு வச்சாங்க. எள் எண்ணெய்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம நல்லெண்ணெய். மெல்போர்ன் யுனிவர்சிட்டி, சாலமன் தீவுகள் நேஷனல் யுனிவர்சிட்டி, ஜைரா ஊர்க்காரங்க மூணு தரப்பும் சேர்ந்து பண்ணின வேலை இது. கிடைச்சது 95 படம். எல்லாம் சேத்து நாலு தனித்தனி எலின்னு கணக்குப் போட்டிருக்காங்க. 2023 நவம்பர்ல வெளியிட்டாங்க. அந்தப் படங்கள்ல ஒண்ணை நான் எடிட்டர் டேபிள்ல பெருசு பண்ணிப் பாத்தேன், கண்ணு ரெண்டும் வெள்ளைப் புள்ளியா மின்னுது, கயிறு கணக்கா வால் பின்னால கிடக்குது, திருட்டுக்கு வந்த இடத்துல லைட் போட்ட மாதிரி ஒரு முழி.

தேங்காயை எலி கடிக்குமா? சும்மா அடிச்சு விடாதீங்க.
_தென்னை விவசாயி, பேராவூரணி_

ஐயா, தென்னை விவசாயி நீங்களே இப்படிக் கேக்கலாமா. எங்க சித்தப்பா தோப்புல மரத்துக்கு மரம் ஆள் உயரத்துக்கு மேல தகரம் சுத்தியிருக்கும், எதுக்கு? எலி ஏறாம வழுக்கி விழத்தான். சின்ன வயசுல காலையில தோப்புக்குப் போனா மரத்தடியில குரும்பையும் இளங்காயும் உதிர்ந்து கெடக்கும், எடுத்துப் பாத்தா காம்பு பக்கத்துல ஓட்டை, கட்டை விரல் போகுற அளவு, ஓரத்துல ரெண்டு ரெண்டு கோடா பல் பதிஞ்சிருக்கும், நார் எல்லாம் பஞ்சு மாதிரி பிஞ்சு தொங்கும், உள்ள தண்ணியும் இருக்காது வழுக்கையும் இருக்காது. சித்தப்பா அதைக் கையில வச்சு உருட்டிப் பாத்துட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லுவார், அதை இங்க போட முடியாது. அதைச் செஞ்சது நம்ம ஊரு சாதாரண மர எலி, காயும் பிஞ்சுக் காய்.

வீக்கா கதை வேற, முத்தின கொட்டை. அங்க காட்டுல ங்காலின்னு ஒரு மரம், அதோட கொட்டை நம்ம பாதாம் மாதிரி பருப்பு உள்ள வச்சிருக்கும், ஆனா ஓடு கல்லு. சாலமன் தீவுக்காரங்களே அதைக் கல்லு மேல வச்சுக் கல்லால தட்டித்தான் உடைப்பாங்க. அந்த ஓட்டுல வட்டமா ஓட்டை போட்டு உள்ள இருக்குறதை மட்டும் எடுத்துடும்னுதான் இந்த எலிக்கு ஊருக்குள்ள பேரு. எலியோட முன்பல்லுல எனாமல் முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் கொஞ்சம் மென்மை, அதனால கடிக்கக் கடிக்க உளி மாதிரி தானே தீட்டிக்கும். சாணை பிடிக்கிறவர் வர வேண்டியதே இல்ல.

பிள்ளையார் வாகனம் இந்த ஜாதியா இருக்குமோ? அவர் எடைக்கு இதான் சரிப்படும்.
_ஒரு வாசகி, கும்பகோணம்_

வாகனத்தை மூஞ்சூறுன்னு சொல்றவங்க உண்டு, ஆனா மூஞ்சூறு எலி ஜாதியே இல்ல, அது கொறிக்கிற பிராணி கிடையாது, பூச்சி திங்கிறது. எடை விஷயம் அவருக்கும் அவர் வாகனத்துக்கும் உள்ளது, நாம தலையிடுறது சரியில்ல.

தீவுல இருக்குற எலி மட்டும் ஏன் பெருசாகுது? நல்ல சாப்பாடா?
_ஒரு வாசகர், சிவகாசி_

1964ல ஃபாஸ்டர்னு ஒரு விஞ்ஞானி ஒண்ணு கவனிச்சார். தீவுல மாட்டிக்கிட்ட பிராணிகள்ல சின்னது எல்லாம் காலப்போக்குல பெருசாகுது, பெருசு எல்லாம் சின்னதாகுது. யானை குட்டையாகும், எலி கொழுக்கும். காரணமா சொல்றது, பெருநிலத்துல எலியைப் பிடிச்சுத் திங்க நரி, பூனை, கீரின்னு வரிசை கட்டி நிக்கும், அதனால சின்னதா இருந்து பொந்துல புகுந்து தப்பிக்கணும். தீவுல அந்த வரிசை இல்ல, சின்னதா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சாலமன் தீவுகளுக்கு மனுஷன் கொண்டு வராம தானா போய்ச் சேர்ந்த பாலூட்டிங்க ரெண்டே வகை, ஒண்ணு பறந்து போன வௌவால், இன்னொண்ணு எலி. எலி எப்படிப் போச்சுன்னா வெள்ளத்துல அடிச்சுட்டுப் போன மரத்தையும் புதரையும் தெப்பமாப் பிடிச்சுக்கிட்டு, லட்சக்கணக்கான வருஷத்துல எப்பவோ ஒரு தடவை ஒரு சில எலிங்க கரை சேர்ந்திருக்கும்னு நினைக்கிறாங்க. இந்தோனேசியாவுல ஃப்ளோரஸ் தீவுலயும் இதே மாதிரி ஒரு ராட்சச எலி உண்டு.

ஆனா இதை அப்படியே மனப்பாடம் பண்ணிடாதீங்க. வீக்காவோட நெருங்கின சொந்தம் ஒண்ணு, வெள்ளை வால் எலி, ஆஸ்திரேலியா வடகிழக்குக் காட்டுலயும் நியூ கினியிலயும் இருக்கு, அதுவும் ஒரு கிலோ வரும், அதுவும் தேங்காயைக் கடிக்கும். அதனால வீக்கா தீவுக்கு வந்து பெருசாச்சா, பெருசாவே கிளம்பி வந்துச்சாங்கிறதுல எனக்கு ரெண்டாவது பக்கம்தான் சாய்வு.

எங்கட பக்கம் ஓஹியாவிலயும் ஒரு எலி இருக்குதாம், இலங்கையைத் தவிர வேறெங்கயும் இல்லையாம். அதைப் பத்தியும் சொல்லுங்கோ.
_ஒரு வாசகர், பதுளை_

இருக்கு அண்ணன். ரயில்ல ஹப்புத்தளைக்குப் போறப்ப மேகத்துக்குள்ள ஒரு சின்ன ஸ்டேஷன் வருமே ஓஹியா, அந்த ஊர் பேரைத்தான் எலிக்கு வச்சிருக்கு. 1929ல பிலிப்ஸ்னு ஒருத்தர் முதல்ல எழுதினார். அப்ப அதைச் சாதாரண எலிப் பேரினத்துல (பேரினம்னா நெருங்கின இனங்களைச் சேத்து வச்ச கூட்டம்) சேத்திருந்தாங்க, பின்னாடி 1981ல மண்டை ஓட்டையும் பல்லையும் பாத்துட்டு இது யாரோடயும் ஒட்டலன்னு அதுக்காகவே தனிப் பேரினம் உண்டாக்கினாங்க, ஸ்ரீலங்காமிஸ், அந்த வீட்டுல இது ஒருத்தர்தான் குடி. மேல சாம்பல், வயிறு வெள்ளை, வால் மேல்பக்கம் கருப்பு கீழ்ப்பக்கம் வெள்ளை, மலைக்காட்டை விட்டு ஊருக்குள்ள வர்றதில்ல. வீக்காவோட பாத்தா பொடியன்.

இதே சாக்குல சேலத்து வாசகர்களுக்கும் ஒண்ணு. குரும்பப்பட்டின்னதும் உங்களுக்கு உயிரியல் பூங்கா ஞாபகம் வரும், எலி ஆராய்ச்சிக்காரங்களுக்கு எல்விரா எலிதான் ஞாபகம் வரும். பாறைச் சந்துல வாழுற எலி, உலகத்துக்கு அதைத் தெரியப்படுத்தினது அந்தக் குரும்பப்பட்டிதான், அதுவும் அழிவோட விளிம்புல இருக்குற பட்டியல்ல. தீவு இல்லாட்டியும் கரடு ஒரு தீவு மாதிரித்தான், சுத்தி வயக்காடும் ரோடும் வந்துட்டா எலி எங்க போகும்.

எலி அழிஞ்சா நல்லதுதானே சார்? எங்க கடையில மாசம் ரெண்டு மூட்டை அரிசி போகுது.
_மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்_

உங்க கடை எலிக்கும் வீக்காவுக்கும் உள்ள உறவு, உங்களுக்கும் உங்க பேரையே வச்சிருக்குற எவரோ ஒருத்தருக்கும் உள்ள உறவு மாதிரி, பேரு மட்டும்தான் ஒண்ணு. சொல்லப்போனா உங்க கடை எலியோட ஜாதிதான் இந்த மாதிரி எலிங்களுக்கு எமன்.

இந்தியப் பெருங்கடல்ல கிறிஸ்துமஸ் தீவுன்னு ஒண்ணு. அங்க ரெண்டு சொந்த எலி இனம் இருந்துச்சு, அதுல ஒண்ணு மேக்லியர் எலி, ராத்திரியானா தீவு பூரா கீச்சு கீச்சுன்னு இரைச்சல் போடுற அளவுக்குக் கூட்டம். 1899ல ஹிந்துஸ்தான்னு ஒரு கப்பல் வந்துச்சு, அதுலேர்ந்து கருப்பு எலி இறங்குச்சு. கொஞ்ச நாள்ல சொந்த எலிங்க பட்டப்பகல்ல வழியில தள்ளாடிக்கிட்டுத் திரிஞ்சதைப் பாத்திருக்காங்க. 1904 வாக்குல ரெண்டு இனமும் சுத்தமா இல்ல. சண்டையே கிடையாது, நோய். நூறு வருஷம் கழிச்சு 2008ல மியூசியத்துல இருந்த பழைய தோலுலேர்ந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்து, கப்பல் எலியோட தெள்ளுப்பூச்சி வழியா பரவின ரத்த ஒட்டுண்ணி இதுங்களுக்கு வந்திருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அஞ்சே வருஷத்துல ஒரு தீவு எலி முடிஞ்சுது.

வீக்காவுக்கு அந்த எமனை விடப் பெரிய எமன் ரம்பம். அது இருக்குறதுக்குத் தோதான காடு வங்குனுல மிஞ்சியிருந்தது சுமார் 80 சதுர கிலோமீட்டர்னு 2017 கட்டுரையிலயே கணக்கு சொல்லிட்டாங்க. சாலமன் தீவுகளோட வெளிநாட்டு வருமானத்துல ரொம்ப வருஷமாப் பெரிய பங்கு அறுக்காத முழு மரக்கட்டை ஏத்துமதி. பெரும்பாலான நிலம் அங்க அரசாங்கத்துது இல்ல, குலம் குலமா ஜனங்களோடது, அதனால மரம் வெட்ட சம்மதக் கையெழுத்துக்கு அலையுறவங்க ஊர் ஊரா வருவாங்க, ஒரே குடும்பத்துல அண்ணன் சரிம்பான் தம்பி முடியாதும்பான். பள்ளிக்கூட ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கையில காசு இல்லாதவன் கையெழுத்துப் போட்டா அவனை நான் திட்ட மாட்டேன், ஆனா ஜைராக்காரங்க அதையும் மீறி ரொம்ப வருஷமா வேண்டாம்னு நின்னுக்கிட்டு இருக்காங்க. அந்தத் தீவுல பெரிய மரம் உள்ள கன்னிக்காடு மிச்சம் இருக்குறதே அவங்க பக்கம்தான், அந்த 95 படமும் எடுத்தது அங்கதான். அப்படி இருந்தும் மரம் வெட்ட அனுமதி குடுத்தாச்சு, வெட்டினா வீக்கா அழிஞ்சுடும்னு 2023ல படங்களை வெளியிட்டப்ப ஆராய்ச்சிக்காரங்க கூடவே எழுதினாங்க. நீங்க படிச்ச பெட்டிச் செய்தியில இந்த வரி இருந்திருக்கணும், இடம் பத்தலன்னு நான்தான் வெட்டினேன்.

2015ல அந்த எலி விழுந்த மரம் என்ன மரம்?
_ஓய்வு பெற்ற வனக்காவலர், கூடலூர்_

டில்லேனியா வகை. நம்ம பக்கம் உவா மரம்னு பெரிய காயும் வெள்ளைப் பூவுமா இருக்குமே, அதோட சொந்தம், அந்தத் தீவு இனம். 'வேற யாரும் கேக்க மாட்டாங்க, நான் கேக்குறேன்'னு நீங்க ஓரத்துல எழுதியிருந்தீங்க, நெஜம் சார், நீங்க மட்டும்தான் கேட்டீங்க.

எண்ணெய் விளக்குக்கு எலி வந்ததுன்னு படிச்சதும் எங்க கோயில் கதை ஞாபகம் வந்துடுச்சு. அந்த எலிக்கும் இந்த எலிக்கும் தொடர்பு இருக்குமா?
_ஒரு வாசகி, வேதாரண்யம்_

தொடர்பு இல்லம்மா, ஆனா கதையைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். வேதாரண்யம் கோயில் கருவறையில ஒரு ராத்திரி விளக்கு மங்கிப்போச்சாம், நெய் குடிக்க வந்த எலி மூக்கை நீட்ட, மூக்கு சுட்டு, வெடுக்குன்னு தலையைத் திருப்பினதுல திரி தூண்டுப்பட்டு விளக்கு நின்னு எரிஞ்சுதாம், அந்தப் புண்ணியத்துக்கு அடுத்த பிறவியில மகாபலிச் சக்கரவர்த்தியாப் பிறந்துச்சாம். தேவாரத்துலயே வர்ற எலி அது.

எங்க வீட்டுல அந்தப் புண்ணியம் எல்லாம் கிடையாது. அம்மா சாயங்காலம் விளக்கேத்தினா அரை மணி நேரத்துல மலை ஏத்திடுவாங்க, ஏன்னா எலி எரியுற திரியைக் கவ்விக்கிட்டுப் போய் ஒரு தடவை பழைய பேப்பர் கட்டுல போட்டுடுச்சு. அதுக்கும் நல்லெண்ணெய்தான் இழுத்திருக்கு. வங்குனு கேமரா முன்னால வந்த நாலும் அந்த வாசனைக்குத்தான் இறங்கி வந்துச்சுங்களோ என்னவோ, ஆனா அதுங்க திரியைத் தூக்கிட்டுப் போனதா எங்கயும் எழுதல.